அதிகற்பனை நாவல்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

வாசித்துப் பழக்கமில்லாத ஒருவருக்கு முதன்முதலாக ஒரு கதைப்புத்தகத்தைத் தெரிவு செய்து கொடுப்பது பலரும் நினைப்பது போல இலேசான காரியமல்ல. ஏற்கெனவே நூறு புத்தகம் வாசித்த ஒருத்தியின் கையில் பொருந்தாத புத்தகம் ஒன்று கிடைத்தால், அவள் அதை மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். ஆனால், அதுதான் தன் முதற் புத்தகம் என்று நம்பிக்கையோடு திறந்த ஒருத்திக்கு அப்படி நேர்ந்தால், அவள் புத்தகத்தைக் குறை சொல்லமாட்டாள். "எனக்கு வாசிப்பு ஒத்துவராது" என்று தன்னையே குறை சொல்லுவாள். அந்த எண்ணம் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், பிறகு ஒக்டோபர் மாதந்தோறும் வாசிப்பின் மகிமை பற்றி எத்தனை பேச்சுப் போட்டிகள் வைத்தாலும் அவளை நூலகத்துக்குள் கொண்டுவருவது கடினம்.

நூலகத்தில் இடைவேளை நேரங்களில் உதவி செய்பவள் என்ற முறையில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தரம் எட்டிலோ ஒன்பதிலோ படிக்கும் தங்கை ஒருத்தி வந்து, "ராத்தா, மந்திரம், பூதம், வேறு உலகம் எல்லாம் வருகிற கதை ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்பாள். திரைப்படத்தில் பார்த்த ஆசை அது. உடனே பக்கத்தில் நிற்கும் யாராவது, தான் வாசித்தவற்றிலேயே மிகப் பெரிய, மிகத் தடித்த புத்தகத்தின் பெயரைச் சொல்லுவார். அடுத்த கிழமை அந்தப் புத்தகம் முப்பதாம் பக்கத்தில் ஓர் அடையாளத்தாளோடு திரும்பி வரும். அந்தத் தங்கை வரமாட்டாள்.

என் கருத்து இதுதான்: அதிகற்பனை நாவல்களை ஒருவருக்குப் பரிந்துரைக்கும்போது, சிறந்த புத்தகம் எது என்று கேட்கக் கூடாது. இவளுக்கு முதலாவதாக ஏற்ற புத்தகம் எது என்றே கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

நமக்குப் புதியதல்ல

ஆங்கிலத்தில் 'ஃபென்டசி' எனப்படும் இவ்வகைக் கதைகளை ஏதோ மேல்நாட்டாரின் கண்டுபிடிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. நமது வீடுகளில் உம்மம்மாமார் சொன்ன ஜின் கதைகளும், நம் பெற்றோர் சிறுவயதில் வாசித்த அம்புலிமாமாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயிரத்தொரு இரவுகளோ இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதில் வரும் சிந்துபாத் தன் ஆறாவது கடற்பயணத்தில் வந்து சேரும் இடம் ஸரன்தீப், அதாவது நமது இலங்கை. பாவா ஆதம் மலையைப் பற்றிய பேச்சும் அந்தக் கதையில் வருகிறது. நாம் இன்று வேற்று உலகங்களைத் தேடிப் போகிறோம். ஒரு காலத்தில் நாமே பிறருக்கு வேற்று உலகமாக இருந்திருக்கிறோம்!

இன்னொரு செய்தியும் உண்டு. அந்தோனி கலாந் என்பவர் 1704 ஆம் ஆண்டு முதல் ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். எல்லோருக்கும் தெரிந்த அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் அவரிடமிருந்த பழைய அரபுக் கையெழுத்துப் பிரதியில் இருக்கவில்லை. சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709 இல் அவருக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைகள் அவை. ஆகவே, ஒருவர் இன்னொருவருக்கு நேரில் இருந்து சொல்லும் பழக்கத்தில்தான் இந்தக் கதைகள் உயிர் வாழ்ந்தன. புத்தகம் பரிந்துரைப்பதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

பெரிய பெயர்களின் தொல்லை

அதிகற்பனை என்றதும் பலரும் முதலில் சொல்லும் பெயர் ஜே.ஆர்.ஆர். டொல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்'. 1954 இலும் 1955 இலும் மூன்று பாகங்களாக வெளிவந்த இந்நாவல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. மகத்தான நூல்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைத் திறந்தால் கதைக்கு முன்னால் ஒரு நீண்ட முன்னுரை நிற்கிறது. குள்ளமான ஹொபிட் இனத்தாரின் வரலாறு, அவர்களுடைய வீடுகள், அவர்கள் சுங்கானில் இட்டுப் புகைக்கும் இலை பற்றிய குறிப்பு என்று அது போகும். அந்த உலகத்தை ஏற்கெனவே நேசிப்பவருக்கு அது விருந்து. புதியவருக்கோ பரீட்சைக்கு முந்திய நாள் கையில் கிடைத்த வரலாற்றுக் குறிப்புப் போல இருக்கும்.

ரொபர்ட் ஜோர்டனின் 'வீல் ஒஃப் டைம்' தொடரை எடுத்துக்கொண்டால் பதினான்கு பெரிய பாகங்கள். 1990 இல் தொடங்கிய அத்தொடரை முடிக்குமுன்னே 2007 இல் ஆசிரியர் காலமாகிவிட்டார். பிறகு பிரண்டன் சாண்டர்சன் என்ற இன்னோர் எழுத்தாளர் 2013 இல் அதை முடித்துவைத்தார். தொலைக்காட்சியால் புகழடைந்த ஜோர்ஜ் மார்ட்டினின் தொடர் 1996 இல் தொடங்கியது. ஐந்தாம் பாகம் 2011 இல் வந்தது. அதன் பின்னர் ஆறாம் பாகத்துக்காக வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் முற்றாக வளர்ந்தோருக்கான கதை. வன்முறையும் நாம் வாசிக்கக் கூசும் காட்சிகளும் நிறைந்தது. பாடசாலை மாணவி ஒருத்திக்கு அதைப் பரிந்துரைப்பது பொருத்தமல்ல என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

அப்படியானால் முதற் புத்தகம் எப்படியிருக்க வேண்டும்? மூன்று இலக்கணங்களை நான் வைத்திருக்கிறேன். முதலாவது, ஒரே புத்தகத்தில் கதை முடிய வேண்டும். தொடரின் முதற்பாகமாக இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் அந்தப் பாகத்தை மூடும்போது ஒரு கதையை முடித்தோம் என்ற திருப்தி வர வேண்டும். இரண்டாவது, ஏறத்தாழ முந்நூறு பக்கங்களுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது: கதாநாயகியும் வாசகியைப் போலவே அந்த உலகுக்குப் புதியவளாக இருக்க வேண்டும். தான் ஒரு மந்திரவாதி என்பது பதினோராவது பிறந்தநாள்வரை ஹரி பொட்டருக்குத் தெரியாது. நார்னியாவுக்குள் நுழையும் லூசி, உடுப்பு அலுமாரி ஒன்றைத் திறந்த சிறுமி மட்டுமே. அவர்கள் கேட்கும் கேள்விகள்தாம் நமது கேள்விகளும். அவர்கள் அறிய அறிய நாமும் அறிகிறோம்.

யாருக்கு எது?

தமிழில் மட்டுமே வாசிக்க விரும்பும் தங்கைக்கு நான் முதலில் கொடுப்பது 'குட்டி இளவரசன்'. பிரெஞ்சு விமானியான அந்துவான் து செந்த் எக்சுபெரி எழுதி, தானே படங்களும் வரைந்து, 1943 இல் வெளிவந்த நூல். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கிய பதிப்பு 1981 இல் வந்தது. சஹாராப் பாலைவனத்தில் விமானம் பழுதடைந்து இறங்கிய ஒருவர், சின்னஞ்சிறு கிரகம் ஒன்றிலிருந்து வந்த சிறுவனைச் சந்திக்கிறார். ஒரு ரோஜாச் செடி, ஒரு நரி, ஒரு பாம்பு, வழியில் சந்திக்கும் சில வளர்ந்த மனிதர்கள், இவ்வளவுதான் கதை. இரண்டு மாலைப் பொழுதுகளில் வாசித்து முடிக்கலாம். ஆனால் முடித்த பிறகு நெடுநாள் மனதில் கிடக்கும். "நானும் ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்துவிட்டேன்" என்ற பெருமிதம் வேறு.

தரம் ஆறு, ஏழு, எட்டு மாணவியருக்கு, ஆங்கிலம் ஓரளவு வந்தால், இரண்டு நூல்களைச் சொல்வேன். ஒன்று சி.எஸ். லூயிஸ் 1950 இல் எழுதிய 'த லயன், த விச் அண்ட் த வார்ட்ரோப்'. யுத்த காலத்தில் லண்டனிலிருந்து பாதுகாப்புக்காக ஊருக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகளின் கதை. வசனங்கள் சிறியவை, அத்தியாயங்கள் குறுகியவை. நார்னியாத் தொடரில் ஏழு நூல்கள் உண்டு. இப்போதைய பதிப்புகளில் 'த மெஜிஷியன்ஸ் நெஃபியூ' என்பதற்கு முதலாம் இலக்கம் இடப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பின்னர் எழுதப்பட்ட முற்கதை. அலுமாரிக் கதவிலிருந்தே தொடங்குங்கள்.

மற்றையது கருணா ரியாஸி 2017 இல் எழுதிய 'த கோண்ட்லெட்'. பங்களாதேஷ் வழிவந்த, ஹிஜாப் அணியும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஃபாரா. பிறந்தநாளன்று ஒரு விசித்திர விளையாட்டுப் பலகைக்குள் சிக்கிவிட்ட தன் தம்பியைத் தேடி, நண்பர் இருவரோடு அதற்குள் நுழைகிறாள். இலக்கிய நயத்தில் இது நார்னியாவுக்கு நிகரென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளையைப் போன்ற ஒருத்தி, நம் வீட்டுச் சாப்பாட்டைப் போன்ற சாப்பாட்டை நினைத்துக்கொண்டு, வேற்று உலகில் ஓடித் திரிவதை வாசிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

ஹரி பொட்டர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1997 இலிருந்து 2007 வரை வெளிவந்த ஏழு நூல்கள் அவை. முதல் நூல் தமிழிலும் கிடைக்கிறது. அத்தொடரின் சிறப்பு, வாசகியோடு சேர்ந்து அது வளர்வதுதான். முதல் நூல் மெல்லியது, விளையாட்டுத்தனமானது. நான்காம் நூலிலிருந்து கனம் கூடும். ஐந்தாவது எழுநூறு பக்கங்களைத் தாண்டும். எனவே ஏழையும் ஒரே விடுமுறையில் முடித்துவிட வேண்டும் என்ற போட்டி வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டாக வாசித்தால் நீங்களும் ஹரியும் ஒத்த வயதினராகவே இருப்பீர்கள்.

தரம் ஒன்பது முதல் பதினொன்றுவரை உள்ளவர்களுக்கு டொல்கீனின் சிறிய நூலான 'த ஹொபிட்' இருக்கிறது. 1937 இல் வந்தது, பத்தொன்பது அத்தியாயங்கள். வீட்டை விட்டு நகர விரும்பாத, வேளாவேளைக்குச் சாப்பாட்டை நினைக்கும் பில்போ என்பவரை, பதின்மூன்று குள்ளர்களும் ஒரு மந்திரவாதியும் வந்து பயணத்துக்கு இழுத்துப் போகிறார்கள். பெரிய நூலுக்குள் போகுமுன் டொல்கீனின் உலகத்தோடு பழகிக்கொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆனால் அதே வயதினருக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது டயானா வின் ஜோன்ஸின் 'ஹௌல்ஸ் மூவிங் காஸல்' (1986). சோஃபி மூன்று சகோதரிகளில் மூத்தவள். மூத்த பிள்ளைக்கு அதிர்ஷ்டமில்லை என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, தொப்பிக் கடையின் மூலையில் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். வேடிக்கை என்னவென்றால், கிழவியான பிறகுதான் சோஃபிக்கு வாய் திறக்கத் துணிவு வருகிறது! இளம்பெண்ணாக இருந்தபோது சொல்லத் தயங்கியதையெல்லாம் கிழவியாகச் சொல்கிறாள். நம்மில் எத்தனையோ மூத்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை தம்மைப் பற்றியே எழுதியது போல இருக்கும். இதைத் தழுவி ஹயாவோ மியாஸாகி 2004 இல் எடுத்த ஜப்பானியத் திரைப்படம் உண்டு. படம் அழகானது, ஆனால் நாவலின் நகைச்சுவை வேறு.

உயர்தர மாணவியருக்கு உர்சுலா லெ குவினின் ஏர்த்ஸீ நூல்கள். முதலாவதான 'அ விசார்ட் ஒஃப் ஏர்த்ஸீ' 1968 இல் வெளிவந்தது. இருநூறு பக்க அளவுதான். எண்ணற்ற தீவுகளாலான உலகம். அதில் கெட் என்ற கெட்டிக்கார இளைஞன் தன் திறமையைக் காட்டும் ஆணவத்தில், திறக்கக் கூடாத ஒன்றைத் திறந்துவிடுகிறான். அதிலிருந்து வெளிவந்த நிழல் அவனைத் துரத்துகிறது. அவன் அந்த நிழலைக் கடைசியில் எப்படி எதிர்கொள்கிறான் என்பதை நான் இங்கு சொல்லப் போவதில்லை. இரண்டாவது நூலான 'த டூம்ப்ஸ் ஒஃப் அட்டுவான்' ஒரு பெண்பிள்ளையின் கதை. ஐந்து வயதில் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, இருண்ட நிலக்கீழ் வழிகளின் காவலாளியாக்கப்பட்டவள், தன் பெயரை மீட்டெடுக்கும் கதை. பெயர் என்பது என்ன, சுதந்திரம் ஏன் பயமாக இருக்கிறது என்பதையெல்லாம் இவ்வளவு குறைந்த பக்கங்களில் சொன்ன வேறொரு நாவலை நான் வாசித்ததில்லை.

"இதெல்லாம் ஸிஹ்ர் இல்லையா?"

இக்கதைகளைப் பற்றிப் பேசும்போது நம் வீடுகளில் எழும் கேள்வி இது. நியாயமான கேள்வி. சூனியம் செய்வதும் அதை நாடிப் போவதும் நமக்குப் பாரதூரமான பாவங்கள். பிள்ளைகளின் ஈமானைப் பற்றிக் கவலைப்படும் உம்மா வாப்பாவைக் கேலி செய்வது அறிவீனம். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஐயமிருப்பவர்கள் தெரிந்த ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாசகியாக நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

நல்ல அதிகற்பனைக் கதைகள் மந்திரத்தைக் கற்பிப்பதில்லை. அதிகாரம் கையில் வந்தால் மனிதன் என்ன செய்வான் என்பதைத்தான் அவை ஆராய்கின்றன. டொல்கீனின் மோதிரம் எல்லோரையும் அடக்கியாளும் சக்தியைத் தரும். அந்தக் கதையில் நல்லவர்கள் எல்லோரும் செய்ய விரும்புவது அதைப் பயன்படுத்துவதல்ல, அழிப்பது. ஏர்த்ஸீயில் ஒரு சிறு விளக்கை ஏற்றினாலும் அதன் நிழல் எங்கோ விழும் என்பதே ஆசான்கள் கற்பிக்கும் முதற் பாடம். மூஸா (அலை) அவர்களுக்கு முன்னால் கயிறுகளையும் தடிகளையும் எறிந்த சூனியக்காரர்களின் வரலாற்றை நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதனால் நாம் சூனியத்தை விரும்பவில்லை. பொய்யான வல்லமைக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டையே விளங்கிக்கொண்டோம். வரலாறு வேறு, கட்டுக்கதை வேறு என்ற தெளிவோடுதான் இதைச் சொல்கிறேன்.

அப்படியும் வீட்டில் விருப்பமில்லை என்றால் ஒளித்து வாசிக்க வேண்டாம். போர்வைக்குள் ஒளிந்திருக்கும் புத்தகம் வீட்டில் சந்தேகத்தைத்தான் வளர்க்கும். கதையை உம்மாவுக்குச் சொல்லிக் காட்டுங்கள். சூனியக்காரர்களே வராத கதைகளும் ஏராளம் உண்டு. 'குட்டி இளவரசன்' அப்படிப்பட்டது. ஜெர்மன் எழுத்தாளர் மிக்கேல் எண்டே 1973 இல் எழுதிய 'மோமோ' இன்னொன்று. மனிதரின் நேரத்தைத் திருடும் சாம்பல் நிற மனிதர்களை, பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஓர் அநாதைச் சிறுமி எதிர்கொள்ளும் கதை அது. கைத்தொலைபேசியில் நம் நேரமெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாத இக்காலத்துக்கு இன்றும் பொருந்துகிறது.

கண்ணைத் திறந்துகொண்டு வாசிப்போம்

பரிந்துரைப்பது என்றால் குறைகளை மறைப்பதல்ல. நான் மேலே புகழ்ந்த அதே நார்னியாத் தொடரில் 'த ஹோர்ஸ் அண்ட் ஹிஸ் போய்' (1954) என்ற நூலும் இருக்கிறது. அதில் கலோர்மென் என்றொரு நாடு வருகிறது. பாலைவனத்துக்கு அப்பால் உள்ள நாடு. கறுத்த முகம், தலைப்பாகை, வளைந்த வாள், கொடுமை, அடிமை வியாபாரம். இது எந்த மக்களைப் பார்த்து வரையப்பட்ட சித்திரம் என்பதை விளங்கிக்கொள்ள நமக்கு அதிக நேரம் தேவைப்படாது. அதே நூலில் அரவிஸ் என்ற கலோர்மென் பெண் மிகத் துணிவானவளாக வருகிறாள் என்பதும் உண்மை. நான் அந்நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. வாசியுங்கள், வாசிக்கும்போது, "எங்களை எழுதியவர் எங்களை அறிந்திருந்தாரா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதையை நேசிப்பதும் அதைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவோரும் இப்போது வந்திருக்கிறார்கள். இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் ஷனன் சக்ரபர்த்தி 2017 முதல் 2020 வரை எழுதிய மூன்று நூல்களின் தொடர், பதினெட்டாம் நூற்றாண்டுக் கெய்ரோவில் 'த சிட்டி ஒஃப் ப்ராஸ்' என்ற நாவலோடு தொடங்கி ஜின்களின் நகரத்துக்குப் போகிறது. 2023 இல் அவர் எழுதிய அமீனா அல் சிராஃபியின் கதையோ ஏடனிலிருந்து புறப்படும் கடற்பயணம். கப்பல் தலைவி ஒரு முஸ்லிம் தாய். நமது மூதாதையர் வியாபாரத்துக்கு வந்துபோன அதே இந்து சமுத்திரம்! இவை வளர்ந்தோருக்கான நாவல்கள். சண்டையும் காதலும் உண்டு. பாடசாலையை விட்ட பிறகு வாசிக்கலாம். நம் நாட்டின் வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதிய 'த செயின்ட் ஒஃப் ப்ரைட் டோர்ஸ்' (2023) அமெரிக்காவின் நெபியுலா விருதை வென்றது. அதுவும் முதற் புத்தகமாக எடுக்கத் தக்கதல்ல. ஆனால் இங்கிருந்தும் இப்படி எழுதலாம் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

ஆங்கிலத்துக்குப் பயப்படுவோருக்கு

"நான் தமிழ்மொழி மூலம் படிப்பவள், எனக்கு இதெல்லாம் விளங்குமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஏனைய ஆங்கில நாவல்களில் நமக்குத் தெரியாத சொற்கள் லண்டனில் பிறந்தவருக்குத் தெரியும். அதிகற்பனை நாவலில் அப்படியல்ல. ஹொபிட் என்றால் என்ன, மகிள் என்றால் யார் என்பது முதல் தடவை வாசிக்கும்போது எவருக்கும் தெரியாது. எல்லோரும் அந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள்தாம். சூழலை வைத்து அர்த்தத்தை ஊகிப்பதைத் தவிர யாருக்கும் வேறு வழியில்லை. அந்த ஊகிக்கும் பழக்கம்தான் மொழி கற்பதன் பாதி. எனவே சொல்லுக்குச் சொல் அகராதியைப் புரட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்து, அதைவிட இலகுவானதை எடுங்கள். ஐம்பது பக்கம் வாசித்தும் மனம் ஒட்டவில்லையா? மூடிவிடுங்கள். எழுதியவர் கோபிக்கமாட்டார்.

பணமும் ஒரு பிரச்சினைதான். புதிய ஆங்கில நூல்களின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. கொழும்பில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் தேடினால் நார்னியாவும் ஹரி பொட்டரும் குறைந்த விலைக்கு அகப்படும். செப்டெம்பர் மாதப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது பட்டியலோடு போங்கள். நான்கு தோழியர் சேர்ந்து ஆளுக்கொரு நூல் வாங்கி மாற்றிக்கொண்டால் ஒரு நூலின் விலையில் நான்கு நூல்கள்.

பரிந்துரைப்பவருக்கும் ஒரு வார்த்தை

வாசிக்கும் பழக்கமுள்ள மூத்த மாணவியருக்குச் சொல்ல ஒன்று உண்டு. ஒரு தங்கை வந்து புத்தகம் கேட்டால், உங்கள் அறிவைக் காட்ட அதுவல்ல சந்தர்ப்பம். முதலில் அவளிடம் கேளுங்கள்: கடைசியாக உனக்குப் பிடித்த படம் எது? சிரிக்க விருப்பமா, பயப்பட விருப்பமா? ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? பிறகு ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். பத்துப் பெயர் கொண்ட பட்டியல் அவளுக்கு வீட்டுவேலை போலாகிவிடும். ஒரு கிழமை கழித்து, "எங்கே வந்திருக்கிறாய்?" என்று விசாரியுங்கள். அவள் வாசிக்கவில்லை என்றால் கண்டிக்காமல் வேறொன்றைக் கொடுங்கள்.

சிறியவர்களின் இரசனையைக் குறைத்து மதிக்கவும் வேண்டாம். 'த ஹொபிட்' அச்சுக்குப் போகுமுன் அதை வாசித்து அபிப்பிராயம் எழுதியவர் பதிப்பாளரின் பத்து வயது மகன். அதற்கு அவர் பெற்ற கூலி ஒரு ஷில்லிங். பல பதிப்பகங்கள் மறுத்த ஹரி பொட்டரின் முதல் அத்தியாயத்தை வாசித்துவிட்டு, மிச்சத்தையும் தரும்படி கேட்டு நின்றவர் பதிப்பகத் தலைவர் ஒருவரின் எட்டு வயது மகள். உலகம் கொண்டாடும் இரண்டு நூல்களுக்குச் சிறுபிள்ளைகள் இருவர் வழிவிட்டிருக்கிறார்கள். நம் தரம் ஆறு மாணவி "இது எனக்கு அலுப்பாக இருக்கிறது" என்று சொன்னால், அவள் சொல்வதிலும் ஏதோ ஒன்று இருக்கும் என்று நம்புவோம்.

இதில் இழக்கப்படக்கூடியது ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல. சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்க, கதைப்புத்தகம் என்பது வீண்வேலை என்று நம்மில் பலர் அதைக் கைவிடுகிறோம். அதற்கு முன்பே அந்தச் சுவையை ருசி பார்த்தவள் பரீட்சை முடிந்ததும் திரும்பி வருவாள். ருசி பார்க்காதவள் வரவே மாட்டாள். அப்படி வராமற் போனவர்களுக்குள் நாளை எழுதியிருக்கக்கூடிய ஒருத்தியும் இருந்திருக்கலாம். கண்டியில் பிறந்த சித்திலெவ்வை 1885 இல், எகிப்தில் பிறந்த அசன்பே என்பவனின் சரித்திரத்தைத் தமிழில் நாவலாக எழுதினார். இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் என்று அதைக் கொண்டாடுகிறோம். தூரத்து நகரங்களைக் கற்பனையில் கட்டியெழுப்பும் துணிவு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவருக்கு இருந்திருக்கிறது. ஸரன்தீப்பின் கடலையும் மலையையும், உம்மம்மாமாரின் ஜின்களையும் வைத்து ஓர் அதிகற்பனை நாவலைத் தமிழில் எழுதப் போகும் பெண்பிள்ளை இப்போது நம் பாடசாலைகளில் ஒன்றில் தரம் ஏழில் இருக்கக்கூடும். அவள் நூலகத்துக்கு வந்து கேட்கும்போது, சரியான முதற் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.